தம்பிக்கு ஹீமோஃபிலியா: அத்தை மகனைக் கட்டினால் என் பிள்ளைக்கும் வருமா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 26 வயது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். தம்பிக்கு 19. அவனுக்கு ஹீமோஃபிலியா ஏ, ரத்தம் உறையாத நோய். ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் எட்டு என்ற புரதம் ஒரு சதவீதம்கூட இல்லை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. தவழ்கிற வயதிலேயே அவனுக்கு முட்டி கன்றிப்போய்விடும். முழங்கால் வீங்கி, தொட்டால் சுடும். ஐஸைத் துணியில் கட்டி வைத்துக்கொண்டு அம்மா விடிய விடிய உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மாவின் அண்ணன் ஒருவர், எனக்குத் தாய்மாமன், எட்டு வயதில் பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாராம். அப்போது யாருக்கும் காரணம் தெரியவில்லை.

இப்போது எனக்கு அத்தை மகனோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது. அப்பாவின் கூடப்பிறந்த அத்தை. அவர்கள் வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை. பெரியப்பா, "சொந்தத்துல குடுத்தா இது கட்டாயம் வரும், அசல்ல பாருங்க" என்கிறார். அம்மாவோ, "அசல்ல குடுத்தா தம்பி விஷயத்தச் சொல்லணும், சொன்னா யாரு எடுப்பா" என்று அழுகிறாள். அப்பாவைப் பெற்ற ஆச்சி, "எல்லாம் உங்கம்மை வயித்துக் கோளாறு" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. என் பிள்ளைக்கு இது வருமா? அத்தை மகன் என்பதால் கூடுதலாக வருமா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?

கரும்பலகை எழுதியது:

மகளே, முப்பது வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவன் நான். நிதானமாகச் சொல்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம். கடைசி ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். தாய் தன்னுடைய இரண்டு எக்ஸில் ஏதாவது ஒன்றைப் பிள்ளைக்குத் தருகிறாள். தகப்பன் எக்ஸைத் தந்தால் பெண், ஒய்யைத் தந்தால் ஆண். அப்படியானால் ஓர் ஆண்பிள்ளையிடம் இருக்கும் ஒரே எக்ஸ் அம்மாவிடமிருந்து வந்ததுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

ஃபேக்டர் எட்டைச் செய்யும் மரபணு எக்ஸின் நீண்ட கையில், நுனிப்பக்கமாக இருக்கிறது. ஒய்யில் அதற்கு ஜோடி கிடையாது. இரட்டைமாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினாலும் இன்னொரு மாடு எப்படியாவது வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒற்றைமாட்டு வண்டியில் அந்த மாடு நொண்டினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பெண்ணுக்கு ஒரு எக்ஸில் பழுதிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அவளைத்தான் 'கடத்தி' என்கிறோம். ஆணுக்கு அந்த ஒன்றில் பழுது என்றால் நோய் வெளியே தெரிந்துவிடும். பாடப்புத்தகத்தில் 'பால் சார்ந்த ஒடுங்கு பண்பு' என்று வருவது இதுதான்.

உங்கள் அம்மாவுக்கு அண்ணனும் மகனும் ஒரே நோயோடு இருந்திருக்கிறார்கள். அதனால் அம்மா கடத்தி என்பது உறுதி, அம்மாவைப் பெற்ற ஆச்சியும் கடத்திதான். உங்களுக்கு அம்மாவின் பழுதான எக்ஸ் வந்திருக்கலாம், நல்லது வந்திருக்கலாம். சரிபாதி வாய்ப்பு. நீங்கள் கடத்தியாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு பெண்பிள்ளையும் கடத்தியாக இருக்கப் பாதி வாய்ப்பு. நீங்கள் கடத்தி இல்லையென்றால் கதை உங்களோடு முடிந்தது, உங்கள் வழியில் யாருக்கும் வராது. பரிசோதனை செய்யாமல் இன்றைய கணக்குப்படி பார்த்தால், உங்களுக்கு மகன் பிறந்தால் அவனுக்கு நோய் இருக்கக் கால்வாசி வாய்ப்பு.

ஒன்று மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். பாதி என்றால் இரண்டு பேரில் ஒருவர் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் பையனுக்கு வந்துவிட்டது, அடுத்தவன் தப்பித்துக்கொள்வான் என்று எத்தனையோ பேர் நம்பி இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் காசு புதிதாகத்தான் சுண்டப்படுகிறது. போன தடவை பூவா தலையா என்பது காசுக்குத் தெரியாது.

கொங்குமாமா எழுதியது:

வாத்தியார் சொன்னது எல்லாம் சரிங்க. ஆனா சொந்தத்தில் கட்டினால் வரும் என்பதை ஏன் சொல்லாமல் விட்டீங்க? என் அக்கா பேத்திக்குத் தாலசீமியா, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய். மாதம் ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள். அப்பா அம்மா இருவரும் மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்று டாக்டரே சொன்னார். இந்தப் பிள்ளைக்கும் அத்தை மகன்தானே? பெரியப்பா சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது?

கரும்பலகை எழுதியது:

மாமா, உங்கள் அக்கா பேத்தி நன்றாக இருக்க வேண்டும். டாக்டர் சொன்னதும் சரிதான். ஆனால் தாலசீமியா வேறு வழி, இது வேறு வழி.

தாலசீமியா மரபணு எக்ஸில் இல்லை. 22 சாதாரண ஜோடிகளில் ஒன்றில் இருக்கிறது. அது வர வேண்டுமென்றால் அப்பாவும் அம்மாவும் இருவருமே ஒளிந்திருக்கும் பழுதை வைத்திருக்க வேண்டும். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்தவர்கள் என்றால் இருவரும் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டுவதன் ஆபத்து அங்கேதான்.

ஹீமோஃபிலியாவில் மகனுக்கு நோய் வர அப்பாவின் பங்கு எதுவுமே தேவையில்லை. அப்பா அவனுக்குக் கொடுப்பது ஒய். அது அத்தை மகனுடைய ஒய்யாக இருந்தாலும் சரி, அமெரிக்காக்காரனுடைய ஒய்யாக இருந்தாலும் சரி, ஹீமோஃபிலியா கணக்கில் அது சேராது. மகளுக்கு அவர் கொடுப்பது தன்னுடைய ஒரே எக்ஸ். அவருக்கு நோய் இல்லை என்பதே அந்த எக்ஸில் இந்தப் பழுது இல்லை என்பதற்குச் சாட்சி. ஆணிடம் இந்த நோய் ஒளிந்திருக்க முடியாது. இருந்தால் தெரியும், தெரியவில்லையென்றால் இல்லை. (லேசான வகை சில சமயம் பல் பிடுங்கும்போதுதான் தெரியவரும், ஆனால் இந்தக் குடும்பத்தில் இருப்பது கடுமையான வகை.)

நம்முடைய உறவுமுறையை வைத்தே பார்க்கலாம். இந்தப் பெண்ணின் பழுதான எக்ஸ், இருந்தால், அம்மா வழியில் வந்தது. மாப்பிள்ளை அப்பா வழி. இரண்டும் ஒட்டாது. மாப்பிள்ளை தாய்மாமன் மகனாகவே இருந்தாலும்கூட, அவருடைய எக்ஸ் அவரைப் பெற்ற அம்மாவிடமிருந்து, அதாவது வேறு குடும்பத்திலிருந்து வந்த மாமியிடமிருந்து வந்தது.

சொந்தம் இதில் உண்மையிலேயே இடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நோய் உள்ள தம்பி, தாய்மாமன் உரிமை என்று சொல்லி அக்காள் மகளைக் கட்டுவது. அந்தப் பெண் கடத்தியாக இருக்கக் கால்வாசி வாய்ப்பு. அப்படி இருந்துவிட்டால் பிறக்கும் பெண்பிள்ளைகளிலும் பாதிப் பேருக்கு நோயே வரலாம், ஏனென்றால் அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதான எக்ஸே சேர்ந்துவிடும். அந்தப் பேச்சு வந்தால் பெரியப்பா தாராளமாகத் தடுக்கட்டும். இந்தக் கல்யாணத்தில், இந்த நோயைக் காரணம் காட்டித் தடுக்க ஒன்றுமில்லை.

சொந்தத்தில் கட்டுவதால் வரக்கூடிய மற்ற நோய்களின் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது, அதை மரபணு ஆலோசகரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சொந்தக் கல்யாணத்தில் விருப்பம் கிடையாது. அதற்காக இல்லாத காரணத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

சிவப்பணு எழுதியது:

பொருநைக்கரை தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். பரிசோதனை உண்டு. ஆனால் வரிசை மாறக்கூடாது.

முதலில் ஃபேக்டர் எட்டு அளவு. சாதாரணமாக 50 முதல் 150 சதவீதம் வரை இருக்கும். கடத்திகளுக்குச் சராசரியாக அதில் பாதி. ஆனால் பல கடத்திகளுக்கு 60, 70 என்று நல்லபடியாகவே வரும். அதைப் பார்த்துவிட்டு 'நான் கடத்தி இல்லை' என்று கல்யாணப் பத்திரிகை அடித்துவிடக் கூடாது. அந்த அளவு உங்கள் உடம்புக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதைச் சொல்லும், கடத்தியா இல்லையா என்பதை முடிவாகச் சொல்லாது.

முடிவாகச் சொல்வது மரபணுப் பரிசோதனை. அதற்கு முதலில் உங்கள் தம்பியின் ரத்தம் வேண்டும். நிறையப் பேர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பெண்ணை மட்டும் அழைத்து வருவார்கள். அந்த மரபணுவில் பழுது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். தம்பியிடம் அது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிட்டால், உங்களிடம் அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும், பதில் உண்டு அல்லது இல்லை என்று தெளிவாக வரும். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் பேருக்கு ஒரே மாதிரிப் பழுதுதான்: மரபணுவின் ஒரு பெரிய துண்டு கழன்று, தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கும். அதனால் கூடத்தில் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

கர்ப்பமான பிறகும் வழி இருக்கிறது. 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளித் திசு எடுத்துச் சிசுவுக்குப் பழுது இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆணா பெண்ணா என்று சொல்வதுதான் சட்டப்படி குற்றம். இப்படிப்பட்ட பால் சார்ந்த மரபு நோய்களைக் கண்டறிய 1994ஆம் வருஷச் சட்டமே பதிவுபெற்ற மையங்களில் அனுமதி தருகிறது. பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் உங்கள் இருவரின் முடிவு, பெரியப்பாவின் முடிவு இல்லை.

வைகைத்தம்பி எழுதியது:

நான் வேறு விஷயம், ஆனால் இதே வழி. எனக்குச் சிவப்பு பச்சை நிறக்குருடு. 22 வயது வரை எனக்கே தெரியாது. ரயில்வேயில் லோகோ பைலட் பரீட்சை எழுதிப் பாஸாகி, மெடிக்கலுக்குப் போனேன். ஒரு புத்தகத்தைத் திறந்து புள்ளி புள்ளியாக இருந்த பக்கத்தைக் காட்டி "என்ன நம்பர்?" என்றார்கள். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எதிலும் நம்பர் இல்லை. பக்கத்தில் நின்ற பையன் மூச்சுவிடாமல் நம்பர்களைப் படித்துக்கொண்டே போனான். அன்றைக்கு மதுரை வரை பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா சொன்னாள், "உங்க தாத்தாவும் இப்படித்தான்." அம்மாவின் அப்பா. மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறிக்கப் போனால் காயையும் சேர்த்துப் பறித்துப்போட்டுத் திட்டு வாங்குவாராம். கவனமில்லாத மனுஷன் என்று ஊரே அவரை நினைத்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை என்று இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது. தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு. என் சந்தேகம்: எனக்கு ஒரு மகள், ஒரு மகன். யாருக்கு வரும்? அப்புறம், பெண்களுக்கு நிறக்குருடு வரவே வராதா?

கரும்பலகை எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தாவை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

உங்கள் மகனுக்கு உங்களிடமிருந்து வரவே வராது, அவனுக்கு நீங்கள் கொடுத்தது ஒய். அப்பாவிடமிருந்து மகனுக்கு எக்ஸ் சார்ந்த பண்பு போகாது. உங்கள் மகள் கட்டாயம் கடத்தி, நீங்கள் கொடுக்க இருந்தது அந்த ஒரு எக்ஸ்தான். நாளைக்கு அவள் வயிற்றுப் பேரன்களுக்குப் பாதி வாய்ப்பு. தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகும் இந்த ஓட்டத்தைக் குறுக்குமறுக்கு மரபு என்று வகுப்பில் சொல்வோம்.

பெண்களுக்கு வரும். இரண்டு எக்ஸிலும் பழுது வேண்டும் என்பதால் குறைவாக வரும். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சிவப்பு பச்சை நிறக்குருடு ஆண்களில் 100க்கு 8 பேர், பெண்களில் 200க்கு ஒருவர். ஒரு பெண்ணுக்கு இது இருந்தால் அவளுடைய அப்பாவுக்கும் இருக்கும், பிறக்கும் மகன்கள் அத்தனை பேருக்கும் வரும்.

இதை முதன்முதலில் எக்ஸோடு முடிச்சுப்போட்டது ஒரு ஈ. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈக்களைப் பாட்டில்களில் வளர்த்துக்கொண்டிருந்தார். எல்லா ஈக்கும் கண் சிவப்பு. 1910இல் ஒரே ஒரு ஆண் ஈ வெள்ளைக் கண்ணோடு வந்தது. அதைச் சிவப்புக்கண் பெண்களோடு சேர்த்தார். குஞ்சுகளுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்புக் கண். அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தபோது அடுத்த தலைமுறையில் சிவப்புக்கண் பெண்கள் 2,459, சிவப்புக்கண் ஆண்கள் 1,011, வெள்ளைக்கண் ஆண்கள் 782. வெள்ளைக்கண் பெண் ஒன்றுகூட இல்லை. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்து ஐந்து நிமிஷம் சும்மா நிற்பேன். யாராவது ஒரு பிள்ளை "சார், தாத்தாகிட்ட இருந்து பேரனுக்கு" என்று எழுந்து சொல்லும் வரை காத்திருப்பேன். வருஷா வருஷம் யாராவது ஒருவர் எழுந்திருப்பார்கள்.

இருவர்அம்மா எழுதியது:

நான் இதுவரை இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. பொருநைக்கரையின் ஆச்சி சொன்ன வார்த்தையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் நன்றாக இருக்கிறான். சின்னவனுக்கு டூஷேன். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துபோகும் நோய். நாலரை வயதில் தரையிலிருந்து எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றி ஊன்றி ஏறுவான். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதுவும் எக்ஸில் இருக்கும் நோய்தான். அது தெரிந்த அன்றிலிருந்து மாமியார் "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று சொல்லாத நாள் இல்லை. என் பிறந்த வீட்டில் நான்கு தலைமுறைக்கு யாருக்கும் இது இல்லை. என் தம்பிகள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். அப்புறம் எனக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். நான் கடத்தியே இல்லை. என் மகனிடம்தான் அந்தப் பழுது புதிதாக ஏற்பட்டிருக்கிறது. டூஷேன் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்தேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். என் கணவர் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பழமொழி எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

நான் கடத்தியாகவே இருந்திருந்தாலும் என்ன? எந்த எக்ஸ் போக வேண்டும் என்று நானா எடுத்துக் கொடுத்தேன்? தங்கச்சி, உங்கள் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

சிவப்பணு எழுதியது:

இருவர்அம்மா அக்கா, எழுதியதற்கு நன்றி. அந்த டூஷேன் மரபணு மனிதனிடம் இருப்பதிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. இருபது லட்சம் எழுத்துகளுக்கு மேல். அவ்வளவு நீளமான ஒன்றைப் படியெடுக்கும்போது எங்கோ ஓரிடத்தில் பிசகு நேர்ந்துவிடுகிறது, அதனால்தான் குடும்பத்தில் இல்லாமல் புதிதாக வருவது இதில் இவ்வளவு அதிகம். ஹீமோஃபிலியாவிலும் குடும்ப வரலாறே இல்லாத பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். ஒரு விஷயம் மட்டும்: அம்மாவின் ரத்தத்தில் பழுது இல்லாவிட்டாலும் சில கருமுட்டைகளில் மட்டும் இருக்க வாய்ப்புண்டு. அதனால் அடுத்த கர்ப்பம் என்றால் எங்கள் டாக்டர்கள் அப்போதும் பரிசோதனை செய்யச் சொல்வார்கள்.

கொங்குமாமா எழுதியது:

வாத்தியார் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். அக்கா பேத்தி விஷயம் வேறு, இது வேறு என்று புரிந்தது. என் மகன் ஒன்று கேட்கச் சொன்னான். இங்கிலாந்து ராணி குடும்பத்தில் இந்த நோய் இருந்ததாமே, ராஜ குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் வந்தது என்று அவன் எங்கோ படித்திருக்கிறான். அதுவும் தப்பா?

கரும்பலகை எழுதியது:

தப்புதான் மாமா, ஆனால் உலகம் முழுக்கச் சொல்லப்படும் தப்பு.

அந்த ராணி விக்டோரியாவின் அப்பாவுக்கு இந்த நோய் இல்லை. அவருக்கு முன்னே அந்தக் குடும்பத்தில் இது இருந்ததற்குத் தடயமும் இல்லை. பழுது அநேகமாக விக்டோரியாவிடமோ அவருடைய பெற்றோர் ஒருவரிடமோ புதிதாகத் தோன்றியது. மகன் லியோபோல்ட் 1853இல் நோயோடு பிறந்தார். மகள்கள் ஆலிஸ், பியாட்ரிஸ் இருவரும் கடத்திகள். ஆலிஸின் மகள் ரஷ்யாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் ஜார் நிக்கோலஸின் மனைவியானார். அவருடைய ஒரே மகன் அலெக்சி 1904இல் நோயோடு பிறந்தான். பியாட்ரிஸின் மகள் ஸ்பெயினுக்குப் போனார், அங்கே இரண்டு மகன்களுக்கு வந்தது. போன இடத்தில் மாப்பிள்ளைகள் சொந்தமா அசலா என்பது இதில் எதையும் மாற்றவில்லை.

வைகைத்தம்பி, உங்கள் வீட்டுக் கதை லியோபோல்ட் வழியில் அப்படியே இருக்கிறது. அவர் 1884இல் பிரான்ஸில் கான் நகரில் கீழே விழுந்து, மறுநாள் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம் பிறந்த மகள் கட்டாயக் கடத்தி. அந்த மகளுக்குப் பிறந்த ரூபர்ட் 1928இல் கார் விபத்துக்குப் பிறகு இறந்தார், அவருக்கும் ஹீமோஃபிலியா. அதே சமயம் விக்டோரியாவின் மூத்த மகன் ஏழாம் எட்வர்டுக்கு நல்ல எக்ஸ் போய்ச் சேர்ந்தது. அவர் வழியில் வந்த இன்றைய பிரிட்டிஷ் ராஜ குடும்பத்துக்கு இந்த நோயே இல்லை. நல்ல பிள்ளையோடு அந்தக் கிளையில் அது முடிந்துபோகிறது.

2009இல் ரஷ்யக் குடும்பத்தின் எலும்புகளில் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது அது பி வகை, அதாவது ஃபேக்டர் ஒன்பது குறைவு என்று தெரிந்தது.

பொருநைக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் அப்பாவிடமும் அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். ஒற்றைமாட்டு வண்டி என்றதும் அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. இருவர்அம்மா எழுதியதை ஆச்சி முன்னால் உரக்கப் படித்தேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அம்மாவுக்குத் தட்டில் சோறு போட்டு அவளே கொண்டுவந்து வைத்தாள்.

இன்னொரு கேள்வி, இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கடத்திக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு மாதவிடாய் எட்டு ஒன்பது நாள் போகும். முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். அம்மாவுக்கும் அப்படித்தானாம். 'நம்ம உடம்புவாகு' என்பாள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

சிவப்பணு எழுதியது:

தங்கச்சி, நீங்கள் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. சம்பந்தம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வாத்தியார் சொன்ன இரட்டைமாட்டு வண்டியில் ஒரு திருத்தம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸும் சேர்ந்து இழுப்பதில்லை. கரு சின்னஞ்சிறு உருண்டையாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு எக்ஸை மூடிவைத்துவிடும். எதை மூடுவது என்பது அந்தந்தச் செல்லில் குருட்டுவாக்கில் நடப்பது. மூடியது மூடியதுதான், அந்தச் செல்லிலிருந்து பெருகும் எல்லாச் செல்லிலும் அதே எக்ஸ் மூடியே இருக்கும். 1961இல் மேரி லயன் என்ற விஞ்ஞானி சொன்னது இது.

எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக, அடிவயிறு வெள்ளை. செம்பட்டை நிறத்துக்கான மரபணு பூனையின் எக்ஸில் இருக்கிறது. ஒரு எக்ஸ் மூடிய இடத்தில் கறுப்பு, மற்றது மூடிய இடத்தில் செம்பட்டை. அதனால்தான் இந்த நிறப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டை. உங்கள் தெருவில் இருந்தால் பாருங்கள், எந்த எக்ஸ் எங்கே வேலை செய்கிறது என்பது முதுகிலேயே எழுதியிருக்கும்.

கடத்திப் பெண்ணின் கல்லீரலும் உள்ளே இப்படித் திட்டுத் திட்டாகத்தான். ஃபேக்டர் எட்டு பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. நல்ல எக்ஸ் அதிகமாகத் திறந்திருந்தால் அளவு 70, 80. பழுதானது அதிகமாகத் திறந்திருந்தால் 30, 20 என்று இறங்கும். 40க்குக் கீழே போனால் அந்தப் பெண்ணுக்கு லேசான ஹீமோஃபிலியா இருக்கிறது என்றே சொல்ல வேண்டும், வெறும் கடத்தி என்று ஒதுக்கக் கூடாது. மாதவிடாய் அதிகம் போவது, பல் பிடுங்கினால் நிற்காதது, பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கொட்டுவது எல்லாம் அதனால்தான். எத்தனை வீட்டில் இது உடம்புவாகு என்று விட்டுவிடப்பட்டு, பெண்கள் ரத்தசோகையோடு காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். ஃபேக்டர் அளவோடு ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. ஆஸ்பிரின் தொடாதீர்கள், காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும்.

வைகைத்தம்பி எழுதியது:

தங்கச்சி, உங்கள் தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. அவனுக்கு இப்போது என்ன சிகிச்சை? அவனுக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும் இல்லையா?

சிவப்பணு எழுதியது:

நான் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. எமிசிசுமாப் என்று தோலுக்கடியில் போடும் ஊசி ஒன்று வந்திருக்கிறது, ஏ வகைக்கு மட்டும். வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ போட்டுக்கொண்டு ரத்தக்கசிவே இல்லாமல் இருப்பவர்களை நானே பார்க்கிறேன். வேலூர் சிஎம்சியில் ஐந்து பேருக்கு அவரவர் ரத்தத் தண்டுசெல்லிலேயே நல்ல மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. பரவலாகக் கிடைக்க நாளாகும், ஆனால் அது நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் உண்டு, அவனுக்குச் சான்றிதழ் வாங்கவில்லை என்றால் வாங்குங்கள்.

கல்யாணம் தாராளமாகச் செய்யலாம். கடத்தி அல்லாத பெண்ணைக் கட்டினால் அவன் மகன்கள் எல்லோரும் நோயில்லாதவர்கள். மகள்கள் எல்லோரும் கடத்திகள், அதற்குப் பரிசோதனைகூடத் தேவையில்லை.

பொருநைக்கரை எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதாமல் விட்டால் நன்றாக இருக்காது.

சிவப்பணு அக்கா சொன்ன வரிசைப்படியே செய்தோம். முதலில் தம்பியின் ரத்தம். அந்தத் தலைகீழாகத் திரும்பிய துண்டுதான் அவனுக்கு. பிறகு எனக்குப் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறது. நான் கடத்தி. ஃபேக்டர் எட்டு 34. ஹீமோகுளோபின் 8.6. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் மாதவிடாய் நாட்களில் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரையும் கொடுத்தார். போன மாதம் ஆறு நாளில் நின்றுவிட்டது. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவது எனக்குச் சாதாரணம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அத்தை வீட்டில் நானே சொன்னேன். அப்பா சொல்கிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். தம்பியின் ரிப்போர்ட், என்னுடையது, இரண்டையும் மேசையில் வைத்து, வாத்தியார் சொன்ன மாதிரி ஒரு தாளில் எக்ஸும் ஒய்யும் போட்டுக் காட்டினேன். அத்தை மகன் கடைசி வரை கேட்டுவிட்டு, "ஆம்பளப் புள்ளைக்குப் பாதி, என்னால கூடாது குறையாது, அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரும் கூட வந்தார். பிரசவத்தில் ஆயுதம் போட்டு இழுக்கக் கூடாது, பிறந்ததும் கொடியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும், அதற்கு முன் குழந்தைக்குத் தசையில் ஊசி போடக்கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் ஃபோனில் குறித்துக்கொண்டார். ஆவணியில் கல்யாணம்.

கரும்பலகை சார், ஒரு கணக்கு மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒரு தங்கை. சித்திக்கு இரண்டு பையன்கள், இருவருக்கும் ஒன்றும் இல்லை. அதனால் தனக்கு இல்லவே இல்லை என்கிறாள். சித்தி மகளுக்கு அடுத்த வருஷம் கல்யாணம்.

கரும்பலகை எழுதியது:

மகளே, மனம் நிறைந்தது.

சித்திக்கு ஆரம்பத்தில் பாதி வாய்ப்பு. கடத்தியாக இருந்தும் இரண்டு பையன்களும் தப்பிப் பிறக்கக் கால்வாசிதான் வாய்ப்பு. கடத்தி இல்லையென்றால் இருவரும் நன்றாகப் பிறப்பது நிச்சயம். எட்டுப் பங்காக வைத்துப் பாருங்கள்: கடத்தியாக இருந்து தப்பியதற்கு ஒரு பங்கு, கடத்தியே இல்லை என்பதற்கு நான்கு பங்கு. மிச்சம் மூன்று பங்கு பையன்களைப் பார்த்ததும் கழிந்துபோயிற்று. ஆக ஐந்தில் ஒன்று. சித்தி மகளுக்கு அதில் பாதி, பத்தில் ஒன்று.

பத்தில் ஒன்று பூஜ்யம் இல்லை. உங்கள் தம்பியின் பழுது எது என்று தெரிந்துவிட்டதால் இப்போது ஒரு குழாய் ரத்தம் போதும். முதலில் சித்திக்குப் பாருங்கள். அவருக்கு இல்லையென்றால் மகளுக்குப் பார்க்கவே வேண்டாம். தம்பியின் ரிப்போர்ட்டை நகல் எடுத்துச் சித்தி கையில் கொடுத்தனுப்புங்கள், கூடத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.